அக்காவுக்கு வாங்கிய பாட்டுப்பெட்டி

மார்ச் 12, வியாழன்.

இன்றைய பிழை: அக்காவின் பாட்டுப்பெட்டியில் சோகப் பாட்டு ஒன்று கவனக்குறைவால் ஏறிவிட்டது. அந்தப் பாட்டு முடிந்த இடத்தில் அக்கா நடையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டாள். ஏற்றும்போது ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டிருக்க வேண்டும். பாதி பாதிதான் கேட்டேன்.

எழுதியதைத் தம்பி ஒருமுறை படித்துப் பார்த்தான். 'கவனக்குறைவால்' என்ற சொல்லில் பழியிலிருந்து தப்பித்துக்கொள்ளும் தொனி இருப்பதாகப் பட்டது. அதை அடித்துவிட்டு 'என் அவசரத்தால்' என்று மாற்றினான். அப்புறம் அதுவும் கொஞ்சம் அதிகமோ என்று யோசித்தபடி பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பகலில் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சட்டத்துக்குள் வில்லையைப் பொருத்தித் தருவான். மாலையில் குளிர்பதனப் பெட்டி பழுதுபார்க்கும் வகுப்பு. அங்கே ஆசிரியர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். எல்லாரும் தினம் குறிப்பு எழுத வேண்டும். முதலில் அன்று செய்த பிழை, கடைசியில் மறுநாள் செய்ய வேண்டிய வேலை. "நடுவுல என்ன வேணா எழுதிக்கோங்க. நான் படிக்கப் போறதில்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அவர் படிக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் வாரக்கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதித் தள்ளினார்கள். தம்பி மட்டும் வகுப்பு இல்லாத நாளிலும் எழுதினான். அவனுக்குப் பிழைக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

அக்கா பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், எந்தக் குழந்தை அம்மாவைக் காணாமல் அழுதுகொண்டிருக்கிறது என்று நாள் முழுக்கச் சொல்கிற குரல் அவளுடையது. கடையில் காய் வாங்கும்போது அவள் வாயைத் திறந்தால் போதும், பக்கத்தில் நிற்பவர்கள் ஒருகணம் தங்கள் பயணப் பெட்டியைத் தேடிக் குனிவார்கள். வீட்டிலும் அதே கதைதான். "சாப்பாடு தயார் நிலையில் உள்ளது. சாப்பிட விரும்புவோர் உடனே தட்டுடன் வரவும்" என்று அடுக்களையிலிருந்து அறிவிப்பு வரும். அவள் கணவர், டயர் கடை வைத்திருக்கிற மாமா, அவளுக்கு வைத்த செல்லப்பெயர் மைக்கு. "ஏ மைக்கு, கொஞ்சம் சத்தத்தக் குறை" என்பார். அவள் ஏற்றுவாள்.

அந்த மைக்கு இப்போது வாயை மூடிக்கொண்டுவிட்டது.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் அவளுடைய இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இத்தனை வருடம் ஒப்பேற்றிக்கொண்டிருந்தது, சென்ற மாதம் இனி முடியாது என்று கைவிரித்தது. நெஞ்சைத் திறந்து செயற்கை வால்வு வைத்து அனுப்பினார்கள். தினமும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். பூங்காக் குளத்தை ஒரு சுற்று நிற்காமல் நடந்துவிட்டு வந்தால் வேலைக்குப் போகக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். அக்கா வீட்டுக்கு வந்தாள். காயம் ஆறிக்கொண்டு வந்தது. பேச்சுத்தான் திரும்பவில்லை. கேட்டதற்கு 'ம்'. பசிக்கிறதா என்றால் தலையாட்டல். பெரிய சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு மனம் சோர்ந்துபோகும், தானாகச் சரியாகும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். வீட்டில் இருவரும் அதை நம்பிக் காத்திருந்தார்கள்.

நடக்கப் போகும்போது கைபேசியை எடுத்துப்போக அவள் மறுத்தாள். எடுத்துப்போனால் உறவுக்காரர்கள் கூப்பிடுவார்கள், நலம் விசாரிப்பார்கள், பதில் சொல்ல வேண்டும். பாட்டாவது கேட்டுக்கொண்டு நடக்கட்டும் என்று தம்பி நீச்சல்குளத்துக்கு எதிரே இருந்த விளையாட்டுப் பொருள் கடைக்குப் போனான்.

கடைக்காரர் தீப்பெட்டி அளவில் ரப்பர் போர்த்திய ஒரு பிளேயரை எடுத்தார். திரை கிடையாது, கட்டைவிரலுக்கு வாகான பெரிய பொத்தான்கள், பின்னால் சட்டையில் மாட்ட ஒரு கவ்வி. அவன் ஒன்றும் கேட்பதற்கு முன்பே அதைத் தரையில் ஓங்கிப் போட்டார்.

"எடுங்க. பாடுதா பாருங்க."

பாடியது.

அடுத்து, தான் குடித்துக்கொண்டிருந்த தண்ணீர்க் குவளைக்குள் போட்டார். "ஓடுறவங்க, மலை ஏறுறவங்க, நீச்சல் அடிக்கிறவங்க எல்லாம் இதத்தான் கேட்டு வாங்குறாங்க. யாருக்கு?"

"அக்காவுக்கு. நடக்க."

"நடக்கவா? அப்போ உங்க பேரன் காலத்துக்கும் வரும்."

இயர்போனிலும் இரண்டு வகை இருந்தன. காதின்மேல் சும்மா உட்காருகிற பஞ்சு வகை ஒன்று, காதுத் துளைக்குள் ரப்பர் முனை புகுந்து அடைத்துக்கொள்கிற வகை ஒன்று. "இத மாட்டினா பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது" என்றார் கடைக்காரர். குளத்தைச் சுற்றி நாய்கள் குரைக்கும், பையன்கள் பந்தடித்துக் கத்துவார்கள் என்று யோசித்துத் தம்பி அடைக்கும் வகையையே எடுத்தான். வீடு போய்ச் சேரும்வரை மற்றதை வாங்கியிருக்கலாமோ என்று அரித்துக்கொண்டே இருந்தது. எதை வாங்கினாலும் அவனுக்கு அப்படித்தான் அரிக்கும் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

வீட்டில், கடைக்காரர் செய்துகாட்டியதைச் சொன்னது மாமாவுக்குப் போதவில்லை. தானே குழாயடியில் பிடித்தார், மிதித்துப் பார்த்தார், கூரையைத் தொடுமளவு தூக்கிப்போட்டுப் பிடிக்காமல் விட்டார்.

"அடேங்கப்பா. மழையும் உறைக்கல, மிதியும் உறைக்கல. சரியான எருமைடா இது."

அன்றிலிருந்து அதற்கு எருமை என்று பெயர். அக்கா சிரித்தாள். உதடு பிரியாத சிரிப்பு.

பாட்டு ஏற்றுவதில் தம்பி தன் முழுத் திறமையையும் காட்டினான். இரண்டு பாட்டுக்கு நடுவே அக்கா கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் பின்னால் சத்தமே இல்லாத ஒரு துண்டைச் சேர்த்து ஏற்றினான். அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாமா கேலி செய்வார்.

காலையில் கடைக்குப் போகுமுன் அவனும் கூடவே போவான். கொஞ்சம் தள்ளி வா என்று அக்கா கையால் காட்டுவாள். அவன் பின்தங்கி நடப்பான். எருமை அவள் கைப்பக்கம் சட்டையைக் கவ்விக்கொண்டு பாடும். நன்றாகத்தான் நடப்பாள். பிறகு திடீரென்று, தேள் கொட்டினதுபோல இயர்போனைப் பிடுங்கிவிட்டு, கிடைத்த பலகையில் உட்கார்ந்துவிடுவாள். விரல்கள் கழுத்துக் குழியில் போய் நிற்கும்.

"என்னக்கா, மூச்சு வாங்குதா?"

இல்லை என்று தலையாட்டுவாள்.

"வலிக்குதா?"

இல்லை.

"பாட்டு பிடிக்கலையா?"

அக்கா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையசைத்தாள்.

அந்தத் தலையசைப்பு அவனைத் தப்பான திசையில் சுற்ற வைத்துவிட்டது. சோகப் பாட்டுகளை நீக்கினான். அப்போதும் உட்கார்ந்தாள். துள்ளலான குட்டிக் குட்டிப் பாட்டுகளாகப் பொறுக்கி ஏற்றினான். அன்றைக்குக் குளத்தின் முதல் திருப்பம்கூடத் தாண்டவில்லை, இன்னும் சீக்கிரம் உட்கார்ந்துவிட்டாள். ரசனையே இல்லாதவன் பாட்டுத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான் என்று குறிப்பில் எழுதிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தம்பி ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் பாட்டுகளை மாற்றிக்கொண்டிருந்தான்.

"டேய், விடுடா. மாத்தி மாத்தி ஏத்துற ஏத்துல எருமைக்கே பைத்தியம் பிடிச்சிரும்" என்றார் மாமா.

அப்போது அக்கா பேசினாள். புறங்கையை வாய்மேல் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"நான் மாத்தல் கேட்டிருக்கேன். தொலைஞ்ச பொருள் வெக்கிற அறைக்கு. வர்ற வெள்ளிக்கிழமை முடிவு பண்ணிருவாங்க."

மாமாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "எதுக்கு?"

"அங்க பேச வேணாம்."

"பேச வேணாமா? நீயா? அங்க உக்காந்து யாருகிட்ட பேசுவ, விட்டுட்டுப் போன குடைகிட்டயா?"

அக்கா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அது நிற்கவில்லை. மாமா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அந்த மைக்கு முன்னாடி உக்காரலேன்னா இவ பாதி ஆளாயிருவாடா" என்றார். அதற்குமேல் அன்று அவர் எந்தக் கேலியும் செய்யவில்லை.

திங்கட்கிழமை மாலை வகுப்பில் ஆசிரியர் ஒரு பழைய கம்ப்ரெசரை ஓடவிட்டார். தகர உறைக்குள்ளே எங்கேயோ ஒரு தட்டல். வெளியே மின்விசிறி இரைச்சல், தெருவில் வண்டி இரைச்சல்.

"எங்கேருந்து தட்டுதுன்னு சொல்லுங்க பாப்போம்."

ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள். ஆசிரியர் நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து, முனையை உறைமேல் ஊன்றி, கைப்பிடியைத் தன் காதோடு அழுத்தினார். மறு காதை விரலால் அடைத்துக்கொண்டார். "காத அடைங்க. அடைச்சா வெளிய இருக்கிறது போயிரும். உள்ள இருக்கிறது பெருசாயிரும். வா, நீ வந்து கேளு."

தம்பி போய்க் கேட்டான். உறைக்குள் யாரோ உட்கார்ந்து சுத்தியலால் அடிப்பதுபோலக் கேட்டது. "போதும்ப்பா, அடுத்தவனுக்கு விடு" என்று ஆசிரியர் தோளைத் தட்டும்வரை அவன் திருப்புளியை விடவில்லை.

வகுப்பு முடிந்ததும், பாட்டு மாற்றுவதற்காகப் பையில் வைத்திருந்த எருமையை எடுத்தான். பாட்டுப் போடாமல் ரப்பர் முனைகளை மட்டும் காதுக்குள் அழுத்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தான். தெரு காணாமல் போய்விட்டது. அதற்குப் பதில் தன் குதிகால் தொம் தொம்மென்று மண்டைக்குள் இறங்கியது. பையில் கிடந்த பிஸ்கட்டைக் கடித்தான். ஜல்லிமேல் ரோடு ரோலர் போனது. எச்சில் விழுங்கியதுகூடக் கிணற்றில் வாளி விழுந்ததுபோலக் கேட்டது. நின்று, மூச்சைப் பிடித்து, கவனித்தான். மிக அடியில், மெத்தென்று, அவனுடைய இதயம்.

இவனுக்குச் சதையால் ஆன வால்வு. மெத்தென்றுதான் கேட்கும். அவளுக்கு?

பாட்டு நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் அவன் அக்கறையாகச் சேர்த்துவைத்த அந்தச் சத்தமில்லாத துண்டு. குட்டிப் பாட்டுகள் போட்ட நாளில் அது சீக்கிரமே வந்தது. அவளும் சீக்கிரமே உட்கார்ந்தாள். பாட்டுக்கும் ரசனைக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. தம்பி நடைபாதை ஓரத்தில் அப்படியே குந்திவிட்டான்.

மறுநாள் காலையில் குளத்தங்கரைக்குப் போனதும் அவன் நடக்க விடவில்லை. பலகையில் உட்கார வைத்தான்.

"அக்கா, பாட்டு நிக்கிறப்போ உள்ள சத்தம் கேக்குதா?"

அக்காவின் கை வாய்மேல் போனது.

"காத அடைச்சா உள்ள இருக்கிற சத்தம் பெருசாக் கேக்கும்க்கா. எல்லாருக்கும் அப்படித்தான். நான் மாட்டிப் பாத்தேன். நடுவுல சத்தமே இல்லாம ஒரு துண்டு வேற போட்டு வெச்சேன், நீ மூச்சு வாங்கிக்கட்டும்னு. எல்லாம் என்னாலதான்."

அவள் கண்ணில் நீர் திரண்டுவிட்டது. வாய்மேல் இருந்த கையை மெல்ல எடுத்தாள். அவன் பக்கம் திரும்பி, பல் மருத்துவரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்தாள். ஒன்றும் பேசவில்லை. திறந்து வைத்துக்கொண்டாள்.

தம்பி குனிந்தான். டிக். டிக். டிக். கைக்கடிகாரத்தைக் காதில் வைத்தால் கேட்குமே, அதேதான். கொஞ்சம் அவசரத்தில் இருக்கிற கடிகாரம்.

"கேக்குதா?"

"கேக்குது."

"பாத்தியா." அவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். பிறகு அடைத்திருந்தது உடைந்ததுபோலப் பேசினாள். "கண்ணு முழிச்சதும் எவனோ தலைமாட்டுல கடிகாரம் வெச்சிருக்கான்னு நெனச்சேன்டா. எடுங்கன்னு நர்ஸ்கிட்ட சொன்னா அந்தப் பொண்ணு சிரிக்குது. வாய மூடினா கொஞ்சம் அடங்குது. தெறந்தா வெளிய வந்துருது. நடந்தா வேகமா ஓடுது. உன் எருமைய மாட்டிக்கிட்டு நடந்தா, பாட்டு நிக்கும், அவ்ளோதான், தலைக்குள்ள ஆணி அடிக்குது. கழண்டுக்கப் போகுதுன்னே நெனச்சேன்."

"டாக்டர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா திரும்பத் தெறந்துருவாங்களோன்னு பயம்."

"எங்ககிட்டயாவது?"

"பாட்டு பிடிக்கலையான்னு நீ கேட்ட. ஆமான்னுட்டேன். அவ்ளோ கஷ்டப்பட்டு ஏத்திக் குடுத்திருக்க, உன் பாட்டு மேலயே பழிய போட்டுட்டேன். மன்னிச்சுக்கடா."

"என் பாட்டு மேல யார் வேணா பழி போடலாம். அத விடு. மைக் முன்னாடி உக்கார ஏன் வேணாங்கிற?"

அக்கா தலை குனிந்தாள். "அந்த ரூமுல காத்துகூட வராது. மைக் எம் மூச்சையே பிடிக்கும். இத விடுமா? நிலையம் முழுக்க டிக் டிக்னு கேக்கும். இன்னின்ன வண்டி புறப்படுதுன்னு நான் சொல்ல, வெடிகுண்டுன்னு ஜனங்க புறப்பட்டுருவாங்க."

அவன் சிரிப்பை அடக்கப் பார்த்தான். முடியவில்லை. அவள் முறைத்தாள், பிறகு அவளுக்கும் வந்துவிட்டது. நெஞ்சுத் தையலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வெக்காதடா, பாவி, வலிக்குது" என்றாள்.

வீட்டுக்கு வந்தபோது மாமா வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நேரே அவர்முன் போய் நின்றாள்.

"எனக்குள்ள சத்தம் கேக்குது."

"தெரியுமே" என்றார் மாமா.

"என்ன தெரியும்?"

"டிக் டிக். நீ வீட்டுக்கு வந்த நாள்லேருந்தே தெரியும். தூக்கத்துல வாயத் தெறந்துதானே படுத்திருக்க. டாக்டர்கிட்டயே கேட்டுட்டேன். அந்த வால்வு மூடித் தெறக்கிற சத்தமாம், அப்படித்தான் கேக்கணுமாம். மந்தமாச்சுன்னாத்தான் ஓடி வரணுமாம்." துணியை உதறி மடித்தார். "சுவர்க்கடிகாரத்துல பேட்டரியக் கழட்டிட்டேன். எது உன்னுது எது அதுதுன்னு குழப்பமா இருந்துச்சு. உன்னுது கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

"இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"கைய வெச்சு மூடிக்கிட்டே திரிஞ்சியா, கூச்சப்படுறன்னு நெனச்சேன். நீயா சொல்லட்டும்னு இருந்தேன்."

"கூறுகெட்ட மனுசா."

"ஏ மைக்கு, தெருவுல எல்லாரும் பாக்குறாங்க, சத்தத்தக் குறை" என்றார் மாமா.

அன்று மதியமே தம்பி அந்த விளையாட்டுப் பொருள் கடைக்குப் போய், காதின்மேல் உட்காருகிற பஞ்சு வகை இயர்போனை வாங்கிவந்தான். வெற்றுத் துண்டுகளை ஒன்று விடாமல் அழித்தான். ஒன்று தப்பியிருக்குமோ என்று திரும்பவும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தான்.

புதன்கிழமை காலை, பஞ்சு முனையை ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு அக்கா நடந்தாள். மறு காதில் நாயும் பந்தும் குளத்து வாத்தும். பின்தங்கி வா என்று கைகாட்டவில்லை. பக்கத்தில் நடக்கவிட்டாள். நடக்க நடக்க, சேர்த்துவைத்த பேச்செல்லாம் வந்தது. மருத்துவமனைச் சாப்பாட்டில் உப்பில்லாதது, அடுத்த கட்டில்காரியின் குறட்டை, தன் இருக்கையில் இப்போது உட்காருகிற பெண் ஊர்ப்பெயர்களை மென்று துப்புகிறாளாம், ஆட்கள் தப்பான வண்டியில் ஏறாமல் இருப்பதே அதிசயமாம். பாதி தூரம் தாண்டியபோது மூச்சு இரைத்தது. நடையைக் குறைத்தாள், நிற்கவில்லை. கடைசித் திருப்பத்தில் ஒருமுறை கை கழுத்துக் குழிக்குப் போனது.

"ஓடுதா?" என்றான் தம்பி.

"ஓடுது. என்னைவிட வேகமா ஓடுது." கையை இறக்கிக்கொண்டாள். "ஓடட்டும்."

புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள். அக்கா பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், உட்காரவில்லை. நெற்றி வியர்வை வழிந்து எருமையின்மேல் சொட்டியது. அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

"மைக் இந்தச் சத்தத்தப் பிடிக்குமாடா?"

இல்லை, பிடிக்காது என்று சொல்லிவிட அவனுக்கு ஆசையாக இருந்தது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் தெரியாததைச் சொல்ல அவனுக்கு எப்போதும் வந்ததில்லை.

"தெரியலக்கா. பிடிச்சாலும் பிடிக்கும்."

"ம்" என்றாள். இந்த 'ம்' வேறு மாதிரி இருந்தது. "பேசுறப்போ மட்டும்தான் மைக் பொத்தான அமுக்குவோம். மூச்ச இழுத்துக்கிட்டு அப்புறம் அமுக்கினா? பேச்சு முடிஞ்ச உடனே விட்டுட்டா?"

"செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

"வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி பாத்துருவோம். கேட்டுச்சுன்னா கேட்டுச்சுன்னு சொல்லணும். எம் மனசு நோகும்னு பொய் சொன்னே, தோல உரிச்சுருவேன்."

அன்று மாலை வகுப்பு இல்லை. தம்பி எழுதினான்.

மார்ச் 18, புதன்.

இன்றைய பிழை: அக்கா ஒரு சுற்று முடித்ததை மாமாவிடம் நான் முதலில் சொல்லிவிட்டேன். அது அவள் அறிவிக்க வேண்டியது.

நாளைய வேலை: மதியம் வண்டிகள் குறைவான நேரத்தில் அக்காவைப் பேருந்து நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அவள் அறைக்குள் போய் ஒரு வண்டியை அறிவிப்பாள். நான் மூன்றாம் நடைமேடையில் ஒலிபெருக்கிக்கு நேர்கீழே நிற்க வேண்டும். மாமா கடைசி நடைமேடையில் நிற்பார். காதில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது.